பதினேழு தப்படிக்கு ஒரு வழக்கு

பழனியம்மாளின் வாசற்படியிலிருந்து உண்ணிப்புதர் வரைக்கும் பதினேழு தப்படி. இதை அவள் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, எண்ணிச் சொன்னாள். நல்ல நாளில் எண்ணினாள், இடக்கால் இழுத்துக்கொள்ளும் நாளில் எண்ணினாள், மழையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டும் எண்ணினாள். எப்போதும் பதினேழுதான். அடிவயிற்றில் முதல் எச்சரிக்கை எழுந்த பின் இருபது எண்ணுவதற்குள் காரியம் கைமீறிவிடும் என்பதும் அவள் எண்ணிக் கண்டதே. இருபதில் பதினேழு போனால் மிச்சம் மூன்று. அந்த மூன்றில்தான் அவளுடைய மானம் குடியிருந்தது.

வத்தல்மலையின் மேல், பன்னிரண்டு கூரைகள் கொண்ட கொன்றைக்காடு என்னும் சிற்றூரில் அவள் வாழ்ந்தாள். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், அவளுடைய வலக்கண்ணில் புகை மூடியது. மாசி முடிவதற்குள் தானாகவே விலகியது. மறு ஆண்டு இடக்கால் மரத்தது; பாதி திரும்பி வந்தது, பாதி வரவில்லை. அதன் பிறகு மூத்திரப்பை தன்னரசாகிவிட்டது. சில வேளை கேளாமலே கொடுத்தது. சில வேளை கெஞ்சிக் கேட்டும் கொடுக்கவில்லை.

கணவன் மல்லையன் அவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்த டாக்டர் ரப்பர்ச் சுத்தியலால் அவள் முழங்காலைத் தட்டினார், ஒரு சாவியால் உள்ளங்காலைக் கீறினார், பிறகு இரண்டு சொற்களில் ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சொன்னார். மலையேறும்போது மூன்றாம் வளைவில் முதற்சொல் தொலைந்தது. ஓடையைத் தாண்டும்போது இரண்டாவதும் போயிற்று. விளக்கம் மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

“மண்டையில இருந்து கீழ போற நரம்பு தந்திக் கம்பி மாதிரிம்மா. அதுக்கு மேல ஒரு உறை உண்டு. உனக்கு அது அங்கங்க உரிஞ்சு போச்சு. சேதி சில நேரம் தாமசமாப் போவும், சில நேரம் போவவே போவாது. இதுக்கு மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. ஆனா பயந்துகிட்டுத் தண்ணி குடிக்கிறத மட்டும் நிறுத்திடாத.”

பொம்மிடி ரயில் நிலையத்தில் தந்திக் கம்பியை ஒருமுறை பார்த்திருந்தபடியால் அவளுக்கு இது நன்றாகவே புரிந்தது. வீட்டுக்குள் ஒரு பானை வைத்துக்கொள்ளலாமே என்றும் டாக்டர் சொன்னார். அவர் அந்த வீட்டைப் பார்த்தவரல்லர். இருந்தது ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பும், சாமைக் குதிரும், குலதெய்வத்தின் கூடையும். தெய்வத்தின் எதிரில் பானை வைப்பதைவிடப் பதினேழு தப்படி ஓடுவதே மேல் என்று அவள் முடிவு செய்தாள்.

ஓட்டம் என்றால் ஓட்டம்தான். ஒரு கால் முந்தும், ஒரு கால் இழுபடும், சேலை கையில் சுருண்டிருக்கும், முகத்தில் எண்ணிக்கை ஓடும். மலைக்குக் கீழே தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மணி குலுங்க ஓடுகிறவனைப் பார்த்திருந்த செல்லன்தான் அவளுக்குத் ‘தபால்’ என்று பெயர் வைத்தான். செல்லன் மல்லையனுக்குப் பங்காளி, முறைக்குத் தம்பி, அடுத்த வீட்டுக்காரன். கெட்டவன் என்று சொல்வதற்கில்லை. எதைப் பார்த்தாலும் சிரித்துவிடுவான்; தான் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்பான். “தபாலு போவுது, வழி வுடுங்கடா!” என்று அவன் ஒருமுறை கத்தினால் பன்னிரண்டு கூரையும் எட்டிப் பார்க்கும்.

நோய் அவளிடமிருந்து காலைப் பாதிதான் எடுத்துக்கொண்டது; ஊரை முழுதாக எடுத்துக்கொண்டது. சந்தைக்குப் போய் மூன்றாண்டு ஆயிற்று. தம்பியின் கலியாணத்துக்கும் போகவில்லை. அங்கே புதர் எத்தனை தப்படியில் இருக்கிறது என்று யாரிடம் கேட்பது?

மார்கழி பிறந்தபோது செல்லன் அரிவாளைத் தீட்டினான். இரண்டு வீடுகளுக்கும் இடையில் பொது நிலத்தில் நின்ற உண்ணிப்புதரை அழித்து அங்கே சாமை அடிக்கக் களம் போடுவது அவன் திட்டம்.

“வெயிலு வுழுற எடம் அண்ணி அது. களம் போட்டா உங்க வூட்டுச் சாமையையும் அதுலயே அடிச்சுக்கலாம்.”

“களம் வேற எடத்துல போடலாம் தம்பி. அந்த மறைவு எனக்கு வேற எங்க கெடைக்கும்?”

“ஓடைக்கரையில எவ்ளோ புதரு! அறுவது தப்படிதான். தபாலு ஓடட்டுமே, காலு வலுவாவும்.”

இருபதுக்குள் அறுபதை அடக்கும் வித்தை பழனியம்மாளுக்குத் தெரியாது. ஆகவே வழக்கு ஊர்க்கவுண்டர் காளியிடம் போயிற்று.

கொன்றைக்காட்டில் நில வழக்குக்கு ஒரு முறை இருந்தது. வழக்குள்ள இடத்திலேயே ஊர் கூடும். அந்த இடத்து மண்ணில் ஓர் உருண்டை பிடித்துக் கவுண்டர் நடுவில் இலைமேல் வைப்பார். இரு தரப்பும் எதிரெதிரே தரையில் உட்கார வேண்டும். பேசித் தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் உட்கார்ந்தே தீர்க்க வேண்டியதுதான். உருண்டையைக் கவுண்டர் எடுப்பதற்கு முன் எவர் எழுகிறாரோ அவர் மண்ணை விட்டவர். கவுண்டரும் அதுவரை எழக்கூடாது. வழக்கைக் கொண்டு வந்தவர் கூட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை எதிராளி மறுக்கக்கூடாது. கொடுப்பதில் தீங்கில்லை என்பதற்கு ஒவ்வொரு சுற்றிலும் கொடுப்பவரே முதலில் குடித்துக்காட்ட வேண்டும்.

வழக்கைத் தானே கொண்டு போனான் செல்லன். ஏன் என்பது ஊருக்கே விளங்கியது.

“சுக்குத்தண்ணி காய்ச்சப் போறானாம், அண்டா நெறைய,” என்று செய்தி கொண்டுவந்தாள் கருப்பி. அவள் மல்லையனின் தங்கை. வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில். வாய் மட்டும் எல்லா ஊருக்கும் காணும். “மூணாஞ் சுத்துல தபாலு கெளம்பிடும்னு பந்தயம் கட்டறான் அண்ணி.”

மல்லையன் தலையைத் தொங்கப் போட்டான். “வுட்டுடு பழனி. ஓடைக்கரைக்கு நானே ஒன்னத் தூக்கிகிட்டு ஓடறேன்.”

“எத்தினி தடவ?”

“எத்தினி தடவன்னாலும்.”

“நேத்து பதினோரு தடவ.”

மல்லையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு வழக்கை நடத்துவதே முறை என்றான்.

கருப்பி யோசித்தாள். “எழுந்திரிக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? உக்காந்த எடம் நனையக் கூடாதுன்னு இருக்குதா?”

பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் மற்றதும் வரும். சேலையைச் சுருட்டிக்கொண்டு பதினேழு தப்படி போய்த் திரும்பியபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“இந்த மாதிரிப் பேச்ச நான் நிக்கறப்ப பேசாத கருப்பி. அன்னைக்கி உக்காந்திருக்கறப்ப பேசு. சாக்கு இருக்குதா?”

இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு கோணிச்சாக்கை மெத்தையாகத் தைத்தார்கள். அடியில் சாமை உமி, நடுவில் சலித்த அடுப்புச் சாம்பல், அதன் மேல் மீண்டும் உமி, எல்லாவற்றுக்கும் மேல் பழஞ்சேலை நான்கு மடிப்பு. மூன்று செம்புத் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார்கள். அடித்தரை நனையவில்லை. சோதித்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள்.

வழக்கு நாளன்று காலையில் பனி கலையும் முன்பே ஊர் கூடிவிட்டது. சாக்கின் மேல் உட்கார்ந்த பழனியம்மாளைப் பார்த்ததும் செல்லன் எழப் போனான். உருண்டை வைத்தாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தபடியே கத்தினான்.

“இது என்ன கவுண்டருங்களே, மெத்தையில உக்காந்து மண்ணப் புடிக்கறதா?”

காளிக்கவுண்டர் கண்ணை மூடி ஆராய்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்குக் கேட்டு வருபவர். ஒரு வழக்கிலும் இடையில் எழுந்தவரல்லர். அந்தப் பெயரை அவர் பெரிதாகக் காத்து வந்தார்.

“காலு மரத்த பொம்பள. சாக்கு மண்ணு மேல இருக்குது. அவ சாக்கு மேல இருக்கறா. அப்ப அவ மண்ணு மேலதான் இருக்கறா. ஆவட்டும்.”

பழனியம்மாள் சாக்கின் மேல் வசதியாக அமர்ந்துகொண்டாள். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஓர் ஓசை கேட்டது. சுனையிலிருந்து பிளந்த மூங்கிலில் நீரைக் கொண்டுவந்து பித்தளை அண்டா ஒன்றில் விழும்படி செல்லன் முந்தின மாலையே வழி செய்திருந்தான். சள சளவென்று அது இடையறாமல் விழுந்தது.

“கூட்டத்துக்குத் தண்ணி வசதி,” என்றான் செல்லன், ஒன்றும் அறியாதவனைப் போல.

முதற்சுற்றுச் சுக்குத்தண்ணீர் வந்தது. மூங்கிற்குவளை நிறையச் செல்லன் குடித்துக் காட்டினான், பழனியம்மாள் குடித்தாள், கவுண்டரும் மற்றவர்களும் குளிருக்கு இதமாகக் குடித்தார்கள். செல்லன் களத்தின் பெருமையைப் பேசினான். இரண்டாம் சுற்று வந்தது. வெல்லம் தாராளமாகப் போட்டிருந்தான். மூன்றாம் சுற்றில் அவன் குவளையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“எனக்கு எருமப் பை. பொழுது சாயற வரைக்கும் உக்காருவேன்.”

எல்லோரும் பழனியம்மாளைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அசையாததன் காரணம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அது மகிழ்ச்சி தருவதாக இல்லை. மூன்றாண்டுகளாகப் பெரும்பாலும் அழைப்புக்குக் காத்திராத அந்தப் பை, இன்று, சாக்கு ஆயத்தமாக இருக்கும் இன்று, கதவைச் சாத்திக்கொண்டது. தந்தி மேலிருந்து போயிற்று. கீழே எவரும் வாங்கவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியது. பின்னிடுப்பில் வலி ஏறியது. வந்தால் சாக்கு இருக்கிறது. வராவிட்டால்? இந்த வலியோடு இன்னும் ஒரு நாழிகை அவளால் உட்கார முடியாது. எழுந்து நாலடி நடந்தால்தான் பூட்டுத் திறக்கும். எழுந்தால் புதர் போயிற்று. நெற்றியில் வியர்வை அரும்பியது.

“தபாலு மூட்ட கட்டுது,” என்று செல்லன் தன் ஆட்களிடம் மெல்லச் சொன்னான். அது எல்லோருக்கும் கேட்டது.

பழனியம்மாள் கண்ணை மூடினாள். முதுகுக்குப் பின்னால் மூங்கில் நீர் விழுந்துகொண்டிருந்தது. வேறு நாட்களில் அந்த ஓசையில் பாதி கேட்டாலே அவள் பாதி வழியில் இருந்திருப்பாள். இன்று அது போதவில்லை. ஆனால் மருந்து இன்னதென்பது அவளுக்குப் புரிந்தது, அளவுதான் குறைவு.

“கவுண்டருங்களே, எம் பக்கத்து நாயத்த நான் சொல்லலாமுங்களா?”

“சொல்லும்மா.”

“மொதல்ல இருந்து சொல்லோணும். எனக்குப் பத்து வயசுல எங்கப்பன் என்னைய ஒகேனக்கலுக்குக் கூட்டிகிட்டுப் போனாரு.”

“ஒகேனக்கலுக்கும் உண்ணிப்புதருக்கும் என்ன?” என்றான் செல்லன்.

“வருது தம்பி, வருது. நீங்க ஒழுங்கா உக்காந்து கேளுங்க.”

அவள் அவசரப்படவில்லை. முதலில் மழையைச் சொன்னாள். வழியெல்லாம் ஓலைக்கூரைகளில் சொட்டுச் சொட்டாக விழுந்ததைச் சொன்னாள். சொட்டு எப்படிச் சேர்ந்து ஒழுகியது, ஒழுகல் எப்படி வாய்க்காலாயிற்று என்று வரிசை தவறாமல் சொன்னாள். பிறகு ஆற்றங்கரை. பாறையிடுக்குகளில் நீர் சலசலத்து நுழைவதையும், தேங்குவதையும், கரை கொள்ளாமல் விம்முவதையும் கையை விரித்துக் காட்டினாள். கூட்டத்தில் ஒருவர் காலை மாற்றிப் போட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் மாற்றிப் போட்டார்.

“சுருக்கமாச் சொல்லும்மா,” என்றார் கவுண்டர். அவர் குரல் வழக்கத்தைவிடச் சற்று மெல்லியதாக இருந்தது.

“சுருக்கினா நாயம் வுட்டுப் போவுமுங்க. இன்னும் அருவிக்கே வரலீங்களே.”

“அண்ணிக்குத் தொண்ட காயுது!” என்று பின்னாலிருந்து கருப்பி கூவினாள். “வழக்குக் கொண்டாந்தவரு வூட்டுத் தண்ணி எங்க? நாலாஞ் சுத்து ஊத்துங்க. அவருதான் மொதல்ல குடிக்கோணும், நிறையா!”

செல்லன் குவளையைப் பார்த்த பார்வையில் உறவு முறிந்திருந்தது. ஆயினும் முறை முறைதான். குடித்தான். ஒவ்வொரு மிடறும் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

“அப்புறம் அருவி,” என்றாள் பழனியம்மாள். “கவுண்டருங்களே, அத எப்படிச் சொல்லறது! அத்தினி தண்ணியும் ஒரே எடத்துல வந்து முட்டுது. ஒரு கணம் நிக்குது. போவ வழியில்லையோன்னு தோணுது. பாறை வுடமாட்டேங்குது, தண்ணியும் வுடமாட்டேங்குது. அப்புறம் பாத்தா, எங்கியோ ஒரு எடத்துல, ஒரு நூலு மாதிரி…”

அவள் நிறுத்தினாள். மூங்கில் நீர் மட்டும் விழுந்தது. பூட்டு திறந்தது.

“வுழுதுங்க,” என்றாள், மிகவும் நிதானமாக. “கொட்டுதுங்க. நிக்காமக் கொட்டுதுங்க.”

சாமை உமியும் சாம்பலும் தம் கடமையைச் செய்தன. அவளுடைய நெற்றி வியர்வை ஆறியது, தோள்கள் இறங்கின, முகத்தில் அருவியை நேரில் கண்டவளின் அமைதி வந்தது. அவள் தெளிந்த குரலில் பாறைப் பிளவுகள் ஒவ்வொன்றிலும் அருவி தனித்தனியே எப்படி விழுந்தது என்று விளக்கத் தொடங்கினாள். ஐந்து அருவிகளைச் சொல்லி ஆறாவதற்கு வந்தபோது செல்லன் முழங்கால்களை ஒட்டி இறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“அந்த மூங்கில எவனாச்சும் திருப்பி வுடுங்கடா!” என்றான்.

“கூட்டத்துக்குத் தண்ணி வசதியாச்சே தம்பி,” என்றாள் பழனியம்மாள். “ஏழாவது அருவி…”

செல்லன் எழுந்தான். எழுந்தான் என்பதுகூடச் சரியன்று. தரை அவனை உதறியது என்று சொல்ல வேண்டும். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓடைக்கரை வெகுதூரம். உண்ணிப்புதர் ஐந்து தப்படி. அழிக்க வந்த புதருக்குள் தலை தெரியாமல் பாய்ந்தான்.

“தபாலு போவுது, வழி வுடுங்கடா!” என்று கருப்பி கத்தினாள். பன்னிரண்டு கூரைக்காரர்களும் சிரித்தார்கள். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாது என்பது பலருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

காளிக்கவுண்டர் மண்ணுருண்டையை இலையிலிருந்து எடுத்த வேகத்தை அதற்கு முன் எவரும் கண்டதில்லை. எடுத்த பிறகுதான் எழுந்தார். ஆகையால் அவருடைய இருபத்திரண்டு ஆண்டுப் பெயருக்குக் குறைவில்லை. கையில் உருண்டையுடன், ஓடாமலும் நடக்காமலும், அவரும் புதருக்குள் புகுந்தார். தீர்ப்பு உள்ளேயிருந்துதான் வந்தது.

“செல்லன் மண்ண வுட்டான்! புதரு இருக்கட்டும்! எவனாச்சும் வெட்டினா…” உள்ளே நீர் விழும் ஓசை. “வெட்டினவன் ஒண்ணுக்கு ரெண்டா நட்டு வளக்கோணும்!”

அதற்குள் ஊரில் பாதி ஓடைக்கரையை நோக்கி அறுபது தப்படி ஓடிக்கொண்டிருந்தது. சிலர் அதில் நாற்பதுதான் கடந்தார்கள் என்று பிறகு கேள்வி.

செல்லன் வெளியே வந்தபோது பழனியம்மாள் இன்னும் சாக்கின் மேல் அமர்ந்திருந்தாள். அவன் முகத்தில் தோல்வியைவிட வியப்பே மிகுதியாக இருந்தது.

“நாலு குவள அண்ணி! நாலு! எப்படிங்க தாக்குப் புடிச்சீங்க?”

“எல்லாம் பழக்கந்தான் தம்பி,” என்றாள் அவள்.

கூட்டம் கலைந்த பிறகு மல்லையனும் கருப்பியும் சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கினார்கள். காலையில் அதைக் கருப்பி ஒரு கையால் கொண்டு வந்திருந்தாள்.  உள்ளிருந்ததை உண்ணிப்புதரின் வேரடியில் கொட்டினார்கள். அந்த ஆண்டு புதர் மற்ற ஆண்டுகளைவிட அடர்த்தியாகப் பூத்தது.

தை மாதத்தில் பழனியம்மாள் மலையின் மறுபக்கத்தில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் போனாள். வழக்குச் சாக்கைவிடச் சிறிதாகத் தைத்த இன்னொரு சாக்குடன், பந்தலின் நடுவிலேயே அமர்ந்து, தாலி கட்டி முடியும் வரை இருந்து, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கால் வேகமாகவில்லை. கண்ணில் மாசி மாதம் மீண்டும் புகை மூடியது, மீண்டும் விலகியது. நோய் அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

செல்லன் களத்தை வேறிடத்தில் போட்டான். ‘தபால்’ என்ற பெயர் ஊரில் நிலைத்தது; ஆள்தான் மாறிவிட்டது.

பங்குனியில் ஒரு காலை, எச்சரிக்கை எழுந்து பழனியம்மாள் சேலையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. புதருக்குள்ளிருந்து ஓர் ஆணின் இருமல் கேட்டது.

“உள்ள யாரு?”

“நாந்தான் அண்ணி,” என்றது செல்லனின் குரல், அடக்கமாக. “ஓடைக்கர தூரமா இருக்குதுங்க…”

“மூணு எண்ணுவேன் தம்பி. அதுக்கு மேல என்கிட்ட இல்ல. ஒண்ணு…”

இரண்டு என்பதற்குள் அவன் மறுபக்கம் வழியாகப் பாய்ந்து வெளியேறினான்.